கஞ்சி போட்ட டைனோசர் எலும்பு

போன வருஷம் ஆடி மாதம். நாங்கள் இருக்கும் கொச்சி மட்டாஞ்சேரியில் விடாத மழை. எங்களுக்குச் சலவைத் தொழில். கணவர் குடும்பம் தலைமுறைகளாக இங்கேதான். நான் அரியலூர்ப் பக்கத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள்.

ஒன்பதாவது படிக்கும் மகள், எர்ணாகுளத்தில் நடக்கும் அறிவியல் கண்காட்சிக்கு ஒரு டைனோசரைத் தலைப்பாக எடுத்துக்கொண்டாள். இலை தழை தின்றே மலைபோல் வளர்ந்த ஜீவனாம். அதன் எலும்புகள் கிடைத்தது எங்கள் அரியலூர்ப் பக்கம்!

"நீ கேள்விப்பட்டதே இல்லையாம்மா?" என்றாள்.

"எங்க கல்யாணத்துக்குக்கூட அது வரலையே, எப்படித் தெரியும்?" என்றேன். சிரித்தாள்.

அவள் சிரிப்பதே எனக்குப் பெரிது. பள்ளியில் தமிழ்ப் பிள்ளை என்று 'பாண்டி' போட்டுக் கேலி செய்வார்களாம்; வாயே திறக்க மாட்டாள். காயலைக் கடக்கும் போட்டில் நான் தமிழில் பேசினால், "மெல்லப் பேசும்மா" என்று முழங்கையால் இடிப்பாள். அப்படிப்பட்டவள் நாலு பேர் முன்னால் நின்று பேசச் சம்மதித்திருந்தாள். அது கெட்டுவிடக் கூடாதே என்று எனக்கு ஒரே பதைப்பு.

கால் எலும்பு நிஜத்தில் ஆளைவிட உயரமாம். காகிதக் கூழில் அதில் பாதி அளவுக்குச் செய்தோம். பசை சேர்த்திருக்கலாம். சலவைக்காரர் வீடாயிற்றே! "கஞ்சி ஊத்து, சேலை மாதிரி வெறைப்பா நிக்கும்" என்றார் கணவர். ஊற்றிய கஞ்சியை எல்லாம் அது குடித்தது. காயத்தான் இல்லை. போகும்போதும் வரும்போதும் தொட்டுப் பார்ப்பேன், பிசுபிசுக்கும். இவர் கரி இஸ்திரிப் பெட்டியால் மேலே தேய்த்தார். வெளியே மொறுமொறு, உள்ளே சொதசொத.

கண்காட்சியன்று காலை, பெட்ஷீட்டில் சுற்றி என் மடியிலும் மகள் மடியிலுமாகக் கிடத்திக்கொண்டு போட் ஏறினோம். நடுக்காயலில் என் பக்கம் ஏதோ தொய்ந்தது. பிரித்துப் பார்த்தால் மூன்று துண்டு, மீதி கூழ். பெட்ஷீட்டை மறுபடி சுருட்டப் போனேன்.

"திரும்பிடலாம்டி" என்றேன்.

மகள் கூழைத் தொட்டுப் பார்த்தாள். "வேண்டாம்மா. நிஜ எலும்பும் இப்படித்தான் போச்சு" என்றாள். தோண்டி எடுத்ததெல்லாம் ஈரத்தில் பொடிந்துபோய், இப்போது படமும் குறிப்பும்தான் மிச்சமாம்.

கண்காட்சியில் அதே பெட்ஷீட்டை விரித்து, அந்தத் துண்டுகளைப் பரப்பினாள். என்னால் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். ஓர் ஆசிரியர் வந்து, "எல்லு எவிடே?" என்று எலும்பைக் கேட்டார். திக்கித் திக்கி ஆரம்பித்தவள், அவ்வளவு பெரிய ஒன்று கைக்குக் கிடைத்தும் இல்லாமல் போன கதையை மலையாளத்தில் முழுசாகச் சொன்னாள். எங்கே கிடைத்தது என்றார் அவர். "என்டெ அம்மயுடெ நாட்டில்", அம்மா ஊரில் என்று என்னைக் கை காட்டினாள். கூட்டம் திரும்பி என்னைப் பார்த்தது. அப்போதுதான் என் கால் நின்றது.

பரிசு கிடைக்கவில்லை. திரும்பும் போட்டில் நிற்க இடமில்லாத கூட்டம். "அம்மா, அரியலூருக்கு எப்பக் கூட்டிட்டுப் போவே?" என்று எல்லார் காதிலும் விழும்படி தமிழில் கேட்டாள். "மெல்லப் பேசுடி" என்று சொன்னது நான்தான்!

இன்றும் கஞ்சி காய்ச்சும்போது அந்தப் பதைப்பு வந்துவிடுகிறது. கூடவே, என் தமிழை மறைக்கப் பார்த்தவள் என்னைக் கை காட்டிய அந்த நிமிஷமும்.