சேனை வைத்த கை

என் மகள் முப்பத்தோரு வாரத்திலேயே பிறந்துவிட்டாள். ஒரு கிலோ முந்நூறு கிராம். நான் மயக்கம் தெளிந்து பார்க்கும்போது அவளைப் பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். தேனி ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்கள் சொந்தபந்தம் டிபன் கேரியரோடு குடியேறியிருந்தது. ஏழாம் மாசம் என்றால் தங்கும், எட்டு என்றால் தங்காது என்று பெண்கள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். டாக்டரிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆண்களுக்கு இருந்த கவலை, சேனை யார் வைப்பது என்பது. பிறந்த பிள்ளையின் நாக்கில் முதன்முதலாகத் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டு வைப்பார்கள். வைக்கிறவரின் குணமும் ராசியும் பிள்ளைக்கு வரும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. எங்கள் வீட்டில் அந்த உரிமையை என் கணவரின் சித்தப்பா யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. கம்பத்தில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறவர். அவர் குணம் வந்தால் பிள்ளை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். முதல் பந்தியில் உட்காரும், எழுந்து கைகழுவும்போதே சமைத்தவரைக் குறை சொல்லும்.

அவர் மலைத்தேன் ஒரு பாட்டிலும் வெள்ளிச் சங்குமாக வந்து நின்றார். பிள்ளையின் குடல் இன்னும் தேறவில்லை, வாய்வழியாக எதுவும் கூடாது, தேன் கூடவே கூடாது, கிருமி போனால் உயிருக்கே ஆபத்து என்று வாசலில் இருந்த நர்ஸ் பொறுமையாகச் சொன்னார். அவ்வளவையும் கேட்டுவிட்டு மனிதர் கேட்ட ஒரே கேள்வி, உனக்கு எந்த ஊர் என்பது. கம்பத்துக்குப் பக்கத்துக் கூடலூர் என்றதும், கூடலூர்க்காரிக்குச் சேனை தெரியவில்லையே என்று வராந்தாவைப் பார்த்துச் சிரித்தார். வராந்தாவும் சிரித்தது.

உள்ளே டாக்டரோ நர்ஸோ யாரும் என்னிடம் இனிப்பாகப் பேசவில்லை. முதலில் எடை குறையும் என்றார்கள், குறைந்தது. பிள்ளை மூச்சு விட மறக்கும், மெஷின் கத்தும், தட்டி எழுப்புவோம் என்றார்கள். ஒரு நாள் தேறும், மறுநாள் சறுக்கும், இன்றைக்கு எப்படி என்று மட்டும் கேளுங்கள் என்றார்கள். நான் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாலைப் பீய்ச்சிக் கொடுக்க வேண்டும். மூன்றாம் நாள் அதில் ஒரு மில்லியை அந்தக் கூடலூர் நர்ஸ் சிரிஞ்சில் எடுத்து, மூக்கில் போட்டிருந்த குழாய் வழியே மெதுவாக இறக்கினார். அது முழுதாக இறங்கும்வரை கையை உயர்த்திப் பிடித்தபடியே நின்றார்.

எட்டாம் நாள், உடம்புச் சூடு கிடைக்கட்டும் என்று பிள்ளையை என் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். அப்பாவும் வரலாம் என்றார்கள். என் கணவர் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, கவுன் மாட்டிக்கொண்டு வந்தார். நல்ல மனிதர்தான். சித்தப்பா முன்னால் மட்டும் முதுகெலும்பு இருக்காது. அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டே சட்டைப் பைக்குள் கையை விட்டார். பிளாஸ்டிக் தாளில் மடித்த பஞ்சு. தேன் ஊறியிருந்தது.

நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒரு சொட்டு போதும்னு சித்தப்பா சொன்னாக" என்றார்.

"இவளுக்கு ஒண்ணு ஆனா யாரு பதில் சொல்லுவா? நீங்களா, அவுகளா?"

அவர் வாயைத் திறக்குமுன் மெஷின் கத்தியது. என் நெஞ்சின் மேல் பிள்ளை அசைவில்லாமல் கிடந்தாள். நர்ஸ் ஓடிவந்து உள்ளங்காலைச் சுண்டினார். ஒருமுறை. இன்னொருமுறை. மூச்சு வந்தது. என் கணவர் பஞ்சைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு அழுதார். நான் தேற்றவில்லை, தேற்றத் தோன்றவும் இல்லை.

வெளியே போனவர் சேனை வைத்தாயிற்று என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டார். உண்மையைச் சொல்லத் தைரியம் இல்லை. அந்தப் பொய்யை அப்போது நானும் விட்டுவிட்டேன். சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை என்று இன்றைக்கும் சாக்குச் சொல்லிக்கொள்கிறேன். அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு இளக்காரம் வருகிறது.

முப்பத்தெட்டு நாள் கழித்து அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அதற்குள் கம்பத்திலிருந்து குச்சனூர் வரை சேதி பரவிவிட்டது, டாக்டர்கள் கைவிட்ட பிள்ளையை ஏலக்காய்க்காரர் சேனை பிழைக்க வைத்தது என்று. பேர் வைக்கிற அன்று முதல் பந்தியில் முதல் இலையில் உட்கார்ந்துகொண்டு அவரே அதைச் சொன்னார். அந்த நர்ஸுக்கு ஒன்றும் தெரியாது, என் ராசிதான் என்றார். ஊரே தலையாட்டியது.

நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவர் இலை முன்னால் போய் நின்றேன்.

"ஒங்க தேனு குப்பையில போச்சு, மாமா. இவளுக்குச் சேனை வச்சது அந்தக் கூடலூர் நர்ஸம்மா. என் பாலத்தான் குழாயில வச்சாக. அவுக குணமே இவளுக்கு வரட்டும்."

அவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டே, ஆமாம் என்றார். சித்தப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து, வெளியே நின்ற தன் ஜீப்புக்கு நடந்தார். வழக்கமாகக் கதவைத் திறந்துவிட ஓடுகிற என் கணவர் அன்றைக்கு வாசலுக்குக்கூடப் போகவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து மகளை வாங்கிக்கொண்டார்.