நாற்பத்தெட்டு மணி நேரம்

எமில் கோசார் விமானம் ஓட்டியவன் இல்லை. ஓட்டியவர்களுக்கு வழி சொன்னவன். கிளீவ்லாண்டுக்குத் தென்மேற்கே, மக்காச்சோள வயல்களுக்கு நடுவில், ஜன்னலே இல்லாத ஒரு அரசாங்கக் கட்டடம். அதற்குள் ரேடார் திரை முன்னால் பதிமூன்று வருஷம் உட்கார்ந்து, நியூயார்க்குக்கும் சிகாகோவுக்கும் பறக்கிற விமானங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டான். வீட்டுக்கு வரும்போது சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். மனைவி டார்லீன் என்ன கேட்டாலும் ஒரு மணி நேரத்துக்குப் பதில் வராது. அங்கே வேலை பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு வயிற்றுப்புண்.

எண்பதாம் வருஷத் தேர்தலில் அவர்களுடைய யூனியன் ஒரு வேட்பாளரை ஆதரித்தது. உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும், நான் வந்தால் சரிசெய்கிறேன் என்று அவர் கடிதமே எழுதியிருந்தார். எமில் அவர் பெயர் போட்ட அட்டையை வீட்டு முன் புல்வெளியில் நட்டான். இரும்பு ஆலையில் உழைத்து ஓய்ந்த அவன் அப்பா அதைப் பார்த்துவிட்டுக் காரை விட்டே இறங்கவில்லை.

"முதலாளி கட்சிக்காரன் உனக்கு மாமனா, மச்சானாடா?" என்று கண்ணாடியை இறக்கிக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

எமிலின் ஆள் ஜெயித்தார். அடுத்த ஆகஸ்ட் மாதம் சம்பளப் பேச்சு முறிந்தது. ஒரு திங்கட்கிழமை காலை நாடு முழுக்க விமான வழிகாட்டிகள் வேலையை நிறுத்தினார்கள். எமிலும் டார்லீனின் தம்பி லைலும் ஒரே கோரிக்கை அட்டையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வாசல் கேட்டுக்கு எதிரே நின்றார்கள். லைலும் அதே கட்டடத்தில் அதே வேலைதான்.

பதினோரு மணிக்கு யாரோ கார் ரேடியோவைச் சத்தமாக வைத்தார்கள். அதிபர் பேசினார். அரசாங்க ஊழியர் வேலைநிறுத்தம் செய்வது சட்டப்படி குற்றம். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் திரும்பாதவர்களுக்கு வேலை இல்லை.

கூட்டம் சிரித்தது. "பூச்சாண்டி காட்டுறாரு! நம்மள எல்லாம் அனுப்பிட்டு அவரே வந்து ரேடார் முன்னாடி உக்காருவாராமா?" என்றான் ஒருவன்.

லைல் சிரிக்கவில்லை. "எமில், ஸ்ட்ரைக் பண்ண மாட்டோம்னு கையெழுத்துப் போட்டுத்தாண்டா நாம வேலைக்குச் சேந்தோம்."

"நம்ம ஆளுடா அவரு. நம்ம வயித்துல அடிக்க மாட்டாரு."

செவ்வாய்க்கிழமை டார்லீன் சாப்பாட்டு மேஜையில் கை ரெண்டையும் ஊன்றி நின்றாள். "யூனியன் தலைவருங்க வாஷிங்டன்ல இருக்காங்க. வீட்டு லோன் இங்க இருக்கு. போயிடு எமில்."

"நான் மட்டும் எப்படிப் போறது? பதிமூணு வருஷம் பக்கத்துல உக்காந்தவன் முகத்துல எப்படி முழிக்கிறது?"

"என் முகத்துல முழிப்பியா?"



புதன்கிழமை காலை பத்தரைக்கு எமில் காரை எடுத்துக்கொண்டு போனான். கேட்டுக்கு நூறு அடி தள்ளி ஓரமாக நிறுத்தினான், என்ஜினை அணைக்கவில்லை. ஒரு பக்கம் கேட். மறுபக்கம் நண்பர்கள், கையைக் கோத்துக்கொண்டு நின்றார்கள். பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது லைலின் பழுப்பு நிறக் கார் அவனைத் தாண்டி உள்ளே போனது. லைல் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். கூட்டம் அவன் காரின் கூரையில் அடித்துக் கத்தியது. எமிலின் கை கியரில் இருந்தது. முன்னால் தள்ளவும் இல்லை, பின்னால் இழுக்கவும் இல்லை. மணி பதினொன்று ஆனது. ஆகிவிட்டது என்று ரேடியோ சொல்லித்தான் தெரிந்தது. அதன் பிறகு இறங்கிப் போய் நண்பர்களோடு நின்றான். வயதான ஒருவர் அவனைக் கட்டிப் பிடித்து, "ஆம்பள சிங்கம்டா நீ" என்றார். அவன் மறுக்கவில்லை.

ஒரு வாரத்தில் பதிவுத் தபால் வந்தது. பதினோராயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு அதே தபால். இனி ஆயுளுக்கும் அந்த வேலைக்குத் திரும்ப முடியாது.

தன் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போன் செய்தான். "ஐயா, இது அதிபர் எடுத்த முடிவு, எங்க கையில ஒண்ணும் இல்ல" என்றாள் ஒரு பெண். அதிபருக்கே நான்கு பக்கம் எழுதினான். மூன்று மாதம் கழித்து, கருத்துத் தெரிவித்ததற்கு நன்றி என்று அச்சடித்த அட்டை வந்தது.

அவனை அதிகம் வாட்டியது வேறொன்று. விமானங்கள் பறந்தன. முதலில் குறைவாக, பிறகு வழக்கம்போல. ராணுவத்து ஆட்களும் மேலதிகாரிகளும் லைலைப் போன்றவர்களும் திரை முன் உட்கார்ந்தார்கள். ஒரு விமானமும் முட்டிக்கொள்ள வேண்டும் என்று எமில் சத்தியமாக நினைக்கவில்லை. ஆனால் தான் இல்லாமலும் எல்லாம் நடக்கிறது என்பதைத் தினமும் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டே அவன் வேக்குவம் கிளீனர் விற்றான், கிடங்கில் பெட்டி சுமந்தான், கடைசியில் பள்ளிக்கூட பஸ் ஓட்டினான்.

லைலோடு பேச்சு நின்றது. நவம்பர் மாத நன்றி நாள் விருந்துக்கு டார்லீன் இருவரையும் ஒரே மேஜையில் உட்கார வைப்பாள். உருளைக்கிழங்கு மசியலை இவன் அவளிடம் கொடுப்பான், அவள் தம்பியிடம் கொடுப்பாள்.

பன்னிரண்டு வருஷம் கழித்து வேறொரு அதிபர் வந்து அந்தத் தடையை நீக்கினார். செய்தியைக் கேட்டதும் டார்லீன் வான்கோழி வறுவலை அடுப்பிலேயே கருகவிட்டாள். எமிலுக்கு அப்போது ஐம்பத்தொன்று. அன்றைக்கே விண்ணப்பம் அனுப்பினான். உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறது என்று பதில் வந்தது. அடுத்த வருஷமும் அதே பதில். பல்லாயிரம் பேர் எழுதிப் போட்டிருந்தார்கள். எடுத்துக்கொண்டது சில நூறு பேரை. ஒருமுறை போனில் கேட்டான்: "என்னோட முறை எப்ப வரும்?"

"அத நாங்க சொல்ல முடியாதுங்க."

"வேற யார் சொல்வாங்க?"

அந்தப் பக்கம் இருந்த இளைஞன் காகிதங்களைப் புரட்டிப் பார்த்தான். "தெரியலங்க" என்றான், பாவம், உண்மையாகவே.

லைல் ஓய்வுபெற்ற வாரம், கூப்பிடாமலே எமில் வீட்டுக்கு வந்தான். கராஜில் பஸ் சீருடைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த எமில் நிமிர்ந்து பார்த்தான்.

"உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றான் லைல். "அன்னிக்கு நான் நிறுத்தி உன்னையும் கூப்பிட்டிருந்தா வந்திருப்பியா?"

எமில் ஊசியைக் கீழே வைத்தான். "வந்திருப்பேன்னு நெனைக்கிறேன். நான் ஒண்ணும் கொள்கைக்காக நிக்கலடா, லைல். எனக்குக் கை ஓடல, அவ்வளவுதான்."

"நான் தைரியமா உள்ள போனேன்னு நெனச்சியா? பாத்ரூம்ல போய் வாந்தி எடுத்தேன்."

டார்லீன் சமையலறையிலிருந்து காபி வேண்டுமா என்று கேட்டாள். இருவருக்கும் வேண்டும் என்று லைல் சொன்னான். எமில் பக்கத்திலிருந்த பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு அவனுக்கு உட்கார இடம் கொடுத்தான்.