டி டிரைவில் இருந்த கல்யாணம்

பிள்ளைகளே, நீங்கள் இரண்டு பேரும் பாலர் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த காலம். கொட்டகலைத் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிய ஒற்றை அறைகளான லயத்தில், நம் காம்பராவில் கட்டிலை ஒட்டிக் கம்ப்யூட்டர் வைத்து, கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தலவாக்கலையில் இருந்து ஒரு கல்யாணப் பெண்ணின் அப்பா வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அவர் மருமகன் அன்று சாயங்காலம் கட்டாருக்குப் புறப்படுகிறார். கல்யாண டிவிடி இல்லாமல் திரும்பமாட்டேன் என்றார்.

கம்ப்யூட்டர் டிவிடி எழுத மறுத்தது. சி டிரைவில் இடம் போதாதாம். டி டிரைவில் தாராளமாக இடம் இருந்தது, ஆனால் அந்தக் கல்யாணமும் அங்கேதான் இருந்தது. கேமரா கேசட்டை அழித்து அதில் வேறு கல்யாணம் எடுத்தாயிற்று. எங்கள் தொழிலில் அப்படித்தான் செய்வோம். ஆக, அது போனால் போனதுதான்.

டி-யைச் சுருக்கி சி-யைப் பெரிதாக்க நினைத்தேன். வேறு வழிகள் இருந்திருக்கலாம், எனக்குத் தெரிந்தது கம்ப்யூட்டரோடு வந்த டிஸ்க் மேனேஜ்மென்ட் மட்டும். சுருக்கும்போது கரன்ட் போனால் அந்தக் கல்யாணமும் கூடவே போய்விடலாம். லயம் முழுக்க ஒரே லைன். யாராவது ஹீட்டர் போட்டால் எல்லோருக்கும் இருட்டு. உங்கள் அம்மா வாசலுக்குப் போய்க் கத்தினாள்.

"அக்கா, கொஞ்ச நேரம் யாரும் ஹீட்டர், அயன் போடாதீங்க!"

"ஏன், ஒங்க வீட்டுக்காரரு ராக்கெட் விடுறாரா?" என்றது பக்கத்துக் காம்பரா.

டி சுருங்கியது. ஆனால் சி-யைப் பெரிதாக்கும் 'எக்ஸ்டென்ட்' வரி மங்கிப்போய், அழுத்தினால் அசையவில்லை. திரையில் டிரைவ்களைக் கட்டம் கட்டமாகக் காட்டும் படத்தைப் பார்த்தேன். வரிசையில் முதலில் சி, அடுத்து டி, காலியான இடம் அதற்கும் அந்தப்பக்கம்.

அம்மா எட்டிப் பார்த்தாள். "மூணாவது காம்பரா காலியானா மொத காம்பராக்காரனுக்கு என்னங்க பிரயோசனம்? நடுவுல ஆள் இருக்கே."

அப்படியானால் நடுவில் இருப்பவரை அந்தப்பக்கம் குடியேற்றவேண்டும். காலி இடத்தை ஈ டிரைவ் ஆக்கி, டி-யில் இருந்த எல்லாவற்றையும் அதில் நகல் எடுத்தேன். பச்சைக் கோடு ஊர்ந்தது. பெண்ணின் அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, எம் மக கல்யாணம் இப்ப எந்தப் பக்கம் இருக்கு?"

"ரெண்டு பக்கமும் இருக்கு அண்ணே."

"அப்பறம் என்னத்துக்கு மொகம் வேர்க்குது?"

இனி ஒரு பக்கத்தை அழிக்கவேண்டும் என்று அவரிடம் சொல்லவில்லை. ஈ-யில் இருந்த நகலை முதலிலும் நடுவிலும் கடைசியிலும் ஓட்டிப் பார்த்தேன். ஓடியது. டி-யை அழிக்கச் சொன்னேன். உள்ளே உள்ளதெல்லாம் போய்விடும், சரியா என்று திரை கேட்டது. மறுபடி ஒருமுறை ஈ-யைத் திறந்து பார்த்துவிட்டு வந்து, 'யெஸ்' அழுத்தினேன். டி இல்லாமல் போனது. 'எக்ஸ்டென்ட்' வரி கறுப்பாகத் தெளிந்தது. சி பெரிதானது.

டிவிடி எழுதி முடிந்ததும் டிவியில் போட்டுச் சரிபார்த்தோம். பெண்ணை அனுப்பிவைக்கிற இடத்தில், வீடியோவில் அவர் துண்டில் முகம் புதைத்து ஏங்கி ஏங்கி அழுதுகொண்டிருந்தார்.

"தம்பி, இந்த எடத்த மட்டும் வெட்டிர முடியாதா? மருமகன் அங்க கூட்டாளிகளோட ஒக்காந்து பாப்பாரு."

"வெட்டலாம் அண்ணே. மறுபடி மொதல்ல இருந்து எழுதணும்."

அவர் வெளியே ரோட்டைப் பார்த்தார். ஹட்டன் பக்கமிருந்து பஸ் ஏறிவரும் சத்தம் கேட்டது.

"சரி, அழுதுட்டுப் போறேன், குடுங்க," என்று டிவிடியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடினார்.