கறுப்புக் காகிதமும் கல்லுப்பும்

என் பீரோவின் அடித்தட்டில் ஒரு கறுப்புக் காகிதம் மடித்துக் கிடக்கிறது. எக்ஸ்ரே பிலிமைச் சுற்றி வருமே, அந்தக் காகிதம். எண்பதுகளின் கடைசியில் நான் மருந்தாளுநராக இருந்த மருத்துவமனையில், பிளாட்டினம் சேர்ந்த புற்றுநோய் மருந்தின் மேல் வெளிச்சம் படாமலிருக்க அதைத்தான் பாட்டிலில் சுற்றுவோம். இந்தத் தாளில் ஒரு குங்குமக் கறை இருக்கிறது. வைத்தவர் எங்கள் எதிர்வீட்டு அக்கா.

ஆவடி குவார்ட்டர்ஸில் அக்கா சிரித்தால் மூன்று வீட்டுக்குக் கேட்கும். கணவர் தொழிற்சாலையில் லேத் ஓட்டும் டர்னர். சினைப்பையில் கட்டி என்று தெரிந்ததும், சிகிச்சை முடியும்வரை உப்பைத் தொடமாட்டேன் என்று அம்மனிடம் வேண்டிக்கொண்டிருக்கிறார். வீட்டில்கூட யாருக்கும் சொல்லவில்லை. முதல் நாள் மருந்து ஏற்றப் போகையில், பாட்டிலில் இருப்பது உப்புத் தண்ணீர் என்று வார்டு ஆயா சொல்லிவிட்டார். அக்கா வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"உப்பு வாணாம்னு அம்மனாண்ட சொல்லிக்கீறேன். இத்த ஏத்தினா அவ சும்மா உடுவாளா?"

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. படித்ததை யாரிடமாவது சொல்ல வாய் துறுதுறுத்த காலம். கட்டிலில் உட்கார்ந்து விளக்கினேன். "உப்புல ஒரு சத்து இருக்குக்கா. அது மருந்தோட ஒட்டிக்கிட்டு இருக்கிற வரைக்கும் மருந்து தூங்கும். ரத்தத்துலயும் உப்பு நிறைய, அங்கயும் தூங்கும். செல்லுக்குள்ள அந்தச் சத்து ரொம்பக் கம்மி. உள்ள போனதும் அது கழண்டு, அந்த இடத்துல தண்ணி ஒட்டும். அப்பதான் மருந்து முழிச்சிக்கிட்டு செல்லோட மரபுச் சரத்தப் புடிக்கும். செல்லு சாகும்."

அக்கா கண் கொட்டாமல் கேட்டார். "வாய் வயியா போவலயில்ல? அப்ப சரி, ஏத்து." கைப்பையிலிருந்து குங்குமத்தை எடுத்துக் கறுப்புக் காகிதத்தின் மேல் ஒரு பொட்டு வைத்தார். எனக்கு ஒரே பெருமை. மருந்தைப் பற்றி அப்படி விளக்கியவள் ஆவடியிலேயே நான்தான் என்று நினைப்பு.

மூன்றாம் முறை ஏற்றிய பத்தாம் நாள், அக்கா சமையற்கட்டில் மயங்கி விழுந்தார். அந்த மருந்துக்கு உடம்பிலிருந்து உப்பை வெளியேற்றும் குணம் உண்டு. கஞ்சியில் உப்புப் போட்டுக் குடிக்க டாக்டர் சொல்லியிருந்தும் அவர் ஒரு கல்கூடச் சேர்க்கவில்லை. ரத்தத்தில் உப்பு அபாயமாகக் குறைந்திருந்தது. கட்டிலருகே போய், வேண்டுதலுக்காகத்தானா என்று கேட்டேன். நாக்குக் குழற, மெல்லச் சொன்னார்: "உள்ள உப்பு கம்மியா கீதுன்னுதான மருந்து முழிக்குது? நீதான சொன்ன. இன்னும் கொஞ்சம் கொறச்சா நல்லா முழிச்சிக்குமேன்னு பாத்தேன்."

சாப்பாட்டு உப்புக்கும் செல்லுக்குள் நடப்பதற்கும் சம்பந்தமில்லை என்ற ஒரு வரியை நான் சொல்லாமல் விட்டிருந்தேன். சற்று நேரத்தில் டாக்டர் வந்து, உப்பை நிறுத்தச் சொன்னது யார் என்று சத்தம் போட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "யாரும் சொல்லல சார். எனக்குத்தான் உப்பு புடிக்கல."

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. அன்று மாலை உப்புப் போட்ட கஞ்சியை என் கையால் கொடுத்தேன். குடித்துவிட்டு, "அம்மனாண்ட நான் பேசிக்கிறேன், நீ அயுவாத" என்றார். ஆறு முறையும் முடிந்ததும், கடைசி பாட்டிலில் சுற்றி அவரே பொட்டு வைத்த காகிதத்தைக் கேட்டு வாங்கினார். அதில் ஒரு படி கல்லுப்பைப் பொட்டலம் கட்டிப் போய்க் கோயிலில் கொட்டினார். காகிதத்தை மட்டும் என்னிடம் தந்து, "வச்சிக்க" என்றார். ஏன் என்று சொல்லவில்லை.

ஐந்து வருடம் நன்றாக இருந்தார். அப்புறம் நோய் திரும்பியது. இம்முறை அதே மருந்துக்குக் கட்டி அசையவில்லை. கடைசிவரை அவர் வேறு யாரிடமும் என் தவறைச் சொல்லவில்லை. நானும் டாக்டரிடம் சொல்லவில்லை.

இப்போது நர்சிங் மாணவிகளுக்குப் பாடம் எடுக்கிறேன். அந்த மருந்து செல்லுக்குள் விழிப்பதைச் சொல்லி முடித்ததும், நோயாளியின் சாப்பாட்டில் உப்பைக் குறைக்கச் சொல்லாதீர்கள் என்று இரண்டு தடவை சொல்வேன். யாரு மிஸ் அப்படிச் சொல்லப் போறாங்க என்று சிரிப்பார்கள். வீட்டுக்கு வந்து காகிதத்தைப் பிரிப்பேன். மடிப்பில் இன்னும் ஒரு கல் உப்பு இருக்கிறது. அதை நான் தட்டிவிடவில்லை.