தொட்டிலோடு எழும்பிய கூடாரம்

பேய், முனி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். லுக்குட் டவுனில் விசேஷங்களுக்குக் கூடாரம் வாடகைக்கு விடுகிறேன், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன், எனக்குக் காற்றைத் தெரியும், பேயைத் தெரியாது. நீங்களும் நம்பப் போவதில்லை, பரவாயில்லை, கேளுங்கள்.

கோலா சாவா பக்கம் ஒரு தோட்டத்தில் ராமு அண்ணன் மகளுக்கு நிச்சயதார்த்தம். வீட்டுக்கு எதிரே மறுநடவுக்காக, எண்ணெய்க்கு வளர்க்கிற செம்பனைகளைச் சாய்த்துவிட்டிருந்தார்கள், கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் செம்மண், உச்சி வெயில் வேறு. வீட்டு வாசலில் கூடாரத்தை நிறுத்திவிட்டேன், கால்களுக்கு இன்னும் ஆணி அடிக்கவில்லை. என் மனைவி மேரியும் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். நம்மவர்களுக்கு ஒரு கம்பியைக் கண்டால் போதுமே, கைலியைக் கட்டித் தொட்டிலாக்கிவிடுவோம். கூடாரத்தின் குறுக்குக் கம்பியில் நானே கட்டினேன், பிள்ளையும் தூங்கிப்போனாள்.

அப்போதுதான் அந்தச் செம்மண்ணில் ஒரு சுழல் எழும்பியது.

"அந்தோணி, பேய்க்காத்து வருது, பிள்ளையத் தூக்குலா!" என்று கத்திய ராமு அண்ணன், தோட்டத்து வழக்கப்படி அதைப் பார்த்து மூன்று தடவை துப்பவும் செய்தார்.

"மேல பாருங்கண்ணே, மேகம் இருக்கா? கறுத்த மேகத்துலேருந்து தும்பிக்கை மாதிரி எறங்குனாதான் மலாய்க்காரங்க சொல்ற புத்திங் பெலியோங், அது கூரையவே பிடுங்கும். இது வெயில்ல காஞ்ச தரையிலேருந்து எழும்புறது, குப்பையச் சுத்திட்டு ஓடிரும்லா," என்றேன். நான் சொன்ன வித்தியாசத்தில் இன்றைக்கும் தப்பில்லை.

ஆனால் கிட்டே வரவர அதன் அழகைச் சொல்ல எனக்கு வாய் போதாது. ஒரு சிவப்புத் தூண், செம்பனையைவிட உயரம், உச்சியில் காய்ந்த ஓலைகள் சுற்ற, அவசரமே இல்லாமல் நடந்து வந்தது, நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிட்டேன். கூடாரத்துக்குள் நுழைந்தது. நான்கு கால்களும் ஒரே சீராகத் தரையை விட்டு எழும்பின, தொட்டிலோடு. மேரி அலறினாள். "ஏசப்பா!" என்று ஓடினேன், கண்ணெல்லாம் மண், என் பிள்ளை போய்விட்டாள் என்றே நினைத்தேன்.

தூசி அடங்கியபோது கூடாரம் அந்தப் பொட்டல் நடுவில் நின்றது, நம்பினால் நம்புங்கள், நான் நிறுத்தியதைவிட நேராக. துளிக் காற்று இல்லை, தொட்டில் மட்டும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே பிள்ளை தூங்குகிறாள்.

சின்னச் சுழலுக்கும் சில நேரம் கூடாரத்தைத் தூக்குகிற பலம் வரும், என் தொழிலில் இருப்பவர்களே சொல்கிறார்கள், சரி, ஒத்துக்கொள்கிறேன். தூக்கியதை இவ்வளவு பதமாக இறக்கி வைத்ததே, அந்தக் காற்றின் மேல் எனக்கு இன்றும் பெரிய மரியாதை.

இன்னும் ஒன்று சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் பிள்ளைக்குத் திருஷ்டிப் பொட்டு வைப்பதில்லை. அன்றைக்கு அவள் மேல் வேறெங்கும் ஒரு தூசி கிடையாது, இடது கன்னத்தில் மட்டும் செம்மண்ணில் வட்டமாக ஒரு பொட்டு. மழை பார்த்து வாரக்கணக்கில் ஆகிவிட்ட மண் அது. தொட்டுப் பார்த்தேன், ஈரமாக இருந்தது.