எண்ணெய்க்கும் விளக்குக்கும் நடுவே

செலண்டார் ஊரைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தகரக் கொட்டகைக்கு எண்ணெய் வாங்க வந்திருக்கிறேன். லீமாவ் பூருட் என்ற காட்டு எலுமிச்சையின் தோலைக் காய்ச்சி வடித்த எண்ணெய்; பொறி பட்டாலே பற்றிக்கொள்ளும். பலகாரத்துக்கும் சோப்புக்கும் மணம் சேர்ப்பது. அதன் நெடி கண்ணைக் கரிக்கிறது.

கொட்டகையை நடத்தும் லெட்சுமி அக்கா எனக்கு மாதிரி ஊற்றிக் காட்ட டின்னைத் தூக்குகிறார். அது கைநழுவிக் கவிழ்கிறது. எண்ணெய் சிமெண்டுத் தரையின் சரிவில் ஓடுகிறது. சரிவின் முடிவில் முருகன் படம். அதன் முன்னால், தரையிலேயே, வெள்ளிக்கிழமை விளக்கு எரிகிறது.

"ஐயோ, எப்பவும் வெளியில வைக்கிற விளக்கு! மழைன்னு இன்னிக்கு உள்ள வெச்சிட்டேன்."

"தண்ணி ஊத்தவாக்கா?"

"வேணாம் லா! எண்ணெய் தண்ணி மேல மிதந்து இன்னும் வேகமா ஓடும். நீங்க வெளிய போங்க தம்பி."

வாசல்வரை போய்த் திரும்பி நிற்கிறேன். எண்ணெய்க்கும் சுடருக்கும் இடையே ஒரு முழம்தான். அக்கா ஓரமாக ஓடிப்போய்க் குனிகிறார். ஊதவில்லை. படத்திலிருந்து ஒரு செம்பருத்தியை எடுத்து, அதைக் கொண்டு திரியை மெல்ல அழுத்துகிறார். மெல்ல! சுடர் அடங்குகிறது.

வாசலுக்கு வந்தவரிடம் கேட்டேவிடுகிறேன். "ஒரு ஊது ஊதியிருக்கலாமேக்கா?"

"சாமி விளக்க யாராச்சும் வாயால ஊதுவாங்களா, தம்பி?"

குரலில் நடுக்கமே இல்லை. திரும்பிப் பார்க்கிறேன். எண்ணெய் அகல்விளக்கைச் சுற்றிக்கொண்டு, படத்தின் அடியை நனைத்துக்கொண்டிருக்கிறது. திரியிலிருந்து இன்னும் புகை போகிறது.