பொத்துவிலுக்குப் போன மொட்டைக் கார்

எங்கள் கார்க்கொட்டில் மீது தென்னைமரம் விழுந்தது 1978 நவம்பர் 23, வியாழக்கிழமை. கல்முனைக் கரையில் அன்று உயிரோடிருந்த யாரைக் கேட்டாலும் சூறாவளி அடித்த தேதியைக் கிழமையோடு சொல்வார்கள். அதற்குப் பிந்திய தேதிகளுக்கு என்னிடம் வாப்பாவின் கொப்பி ஒன்று இருக்கிறது. வாப்பா விஞ்ஞான ஆசிரியர். எதைக் கழற்றினாலும் எழுதி வைத்துவிட்டுத்தான் கழற்றுவார்.

கார் வாப்பாவுடையதல்ல, உம்மாவின் வாப்பாவுடையது. அவர் சவளக்கடைப் பக்கம் வயல் வைத்திருந்த போடியார். நான் பிறக்கும் முன்பே மௌத்தாகிவிட்டார். எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்குத்தான் போகும், மாப்பிள்ளைதான் உடுப்புப் பெட்டியோடு வந்து குடியேறுவார். வாப்பா அப்படி வந்தபோது வீட்டோடு காரும் இருந்தது. கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிடக்கூடிய வகைக் கார் அது. முதன்முதலாகக் கல்முனைக்குள் வந்த நாளில் கூரையில்லாமல் வந்ததாம். அன்றைக்கு ஊர் வைத்த பெயர் மொட்டைக் கார். நான் அறிந்த காலத்தில் அதன் கூரை ஒருபோதும் மடங்கியதில்லை. ஆனாலும் ஊர் பெயரை மாற்றவில்லை.

சூறாவளி கழிந்து சில கிழமைகளில் பொத்துவிலிலிருந்து வந்த மீன் வியாபாரி ஒருவர், பெரியும்மா நன்றாக மெலிந்துபோனார் என்று சொல்லிவிட்டுப் போனார். பெரியும்மா உம்மாவின் மூத்த சகோதரி, உம்மா அவரை எங்கள் ஊர் வழக்கப்படி 'தாத்தா' என்றுதான் கூப்பிடுவார். தன் நோயை வாய்விட்டுச் சொல்லாத ஆள். 'நாங்கள் எல்லோரும் சுகம்' என்பதற்கு மேல் அவருடைய கடிதத்தில் ஒரு வரி இருக்காது. உம்மா அந்தக் கடிதங்களைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்.

"ஒருக்காப் போய்க் கண்ணால பாத்துட்டு வந்தாத்தான் எனக்கு நெஞ்சு ஆறும்" என்றார் உம்மா.

"கார் சரிவரட்டும். மொதல் பயணம் பொத்துவிலுக்குத்தான்" என்றார் வாப்பா.

இது 1979 ஜனவரியில். வாடகைக் கார் பிடிக்கலாமா என்று உம்மா இரண்டு தடவை கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. இரண்டு தடவையும் அடுத்த மாதம் நம்முடைய காரே ஓடும் என்றுதான் பதில் வந்தது. வாப்பா பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்பினார்.

நம்பிக்கையைக் கெடுத்தது தென்னைமரம் அல்ல. அது கூரையையும் ஒரு கதவையும் மட்டுமே நசுக்கியிருந்தது. பெயின்டைச் சுரண்டியபோதுதான் பழைய திருத்தங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. பாண்டிருப்பிலிருந்து இரும்பு ஒட்டவந்த அண்ணன், காரின் அடித்தட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"சேர், இது காரா தோணியா?"

"ஏன்?"

"கீழ பிஸ்கட் டின்னை வெட்டிப் போட்டு, மேல குங்கிலியம் காய்ச்சி ஊத்திக் கிடக்கு. வலிக்கிறதுக்குத் துடுப்புத்தான் இல்ல."

அடித்தட்டு அப்படியென்றால், இருக்கைக்குள் தென்னந்தும்பும் சாக்குத் துண்டுகளும். கதவுப் பிணைச்சலில் மீன்வலை நைலோன். மட்கார்டில் கறள் அரித்த ஓட்டைகளுக்குச் சீமெந்து. வாப்பா கொப்பியில் 'பழைய பிழைகள்' என்று தலைப்பிட்டு இலக்கமிட்டு எழுதத் தொடங்கினார். முப்பத்தொன்று வரை போகிறது. இந்தத் திருத்தங்களையெல்லாம் செய்தவர் தன் மாமனார்தான் என்பது வாப்பாவுக்குத் தெரியும், உம்மாவுக்கும் தெரியும். ஆனால் மௌத்தான மாமனாரை மனைவியின் முன்னால் குறை சொல்வது மரியாதையல்ல. ஆகவே வாப்பா, கார் திருத்துகிற, பெயர் தெரியாத பாஸ் ஒருவரை உண்டாக்கிக்கொண்டார்.

"எந்த ஊர்ப் பாஸோ தெரியா. ஸ்பானரையே கண்டிரிக்க மாட்டான் போல."

உம்மா தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுப் போவார். சிலவேளை கதவுக்குப் பின்னால் அவர் சிரிக்கும் சத்தம் கேட்கும்.

வாப்பாவை அதிகம் கோபப்படுத்தியது கூரைதான். மடங்கவேண்டிய கூரையை யாரோ மரச்சட்டம் வைத்து, பெரிய ஆணிகளால் அறைந்து, என்றைக்கும் மடங்காதபடி செய்திருந்தார்கள். அதன் இரு பக்கமும் நீளத்துக்குக் கம்பி, கம்பியில் பித்தளை வளையங்கள். கொப்பியில் இது பதினேழாவது: 'கம்பி, வளையம். தேவையற்றது. நீக்கப்பட்டது. 12.8.79.' அந்த வளையங்களைக் குறடால் நீக்கியது நான். இருபத்தாறு. நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு உம்மாவிடம் காட்டினேன். உம்மா ஒன்றை விரலால் உருட்டிப் பார்த்தார். பிறகு கொட்டிலுக்குப் போனார்.

"அந்தக் கம்பி கெடந்தா என்னவாம்?"

"இந்தக் காரச் செய்யக்குள்ள இதெல்லாம் இல்ல புள்ள. இந்தா படத்தப் பாரு. எப்பிடி வந்த காரோ அப்பிடியே ஆக்கப்போறன்."

வாப்பா நீட்டிய பழைய விளம்பரப் படத்தை உம்மா பார்த்தார். ஒரு வெள்ளைக்காரியும் ஒரு வெள்ளைக்காரனும் தலைமயிர் பறக்க அந்தக் காரில் போய்க்கொண்டிருந்தார்கள்.

"உங்கட பாஸ்ட வீட்டுல மூணு பொம்புளப் புள்ளயள் இரிந்த" என்றார் உம்மா.

வாப்பா சிரித்தார். உம்மா பகிடி விடுவதாக நினைத்திருக்க வேண்டும். எனக்கும் அது பகிடியாகத்தான் பட்டது.

1980 நோன்புப் பெருநாள் கழிந்த சனிக்கிழமை பயணம் என்று முடிவாயிற்று. அன்று காலை கார் முற்றத்தில் நின்ற நிற்பு இன்னும் கண்ணில் இருக்கிறது. பச்சைப் பெயின்ட், வெள்ளிபோல மின்னும் முன்விளிம்பு, தைத்து வந்த புதுக் கறுப்புப் படங்குத் துணிக் கூரை. வாப்பா ஒற்றைக் கையால் ஒரு கொக்கியைத் தட்டினார். கூரை கொக்குச் சிறகு மடிவதுபோல மடிந்து பின்னால் போய் உட்கார்ந்தது. பாண்டிருப்பு அண்ணன் கைதட்டினார். கேற்றுக்கு வெளியே தெருவே கூடியிருந்தது. சைக்கிள்களை நிறுத்திவிட்டு ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

உம்மா புதுச்சாரி உடுத்து, முக்காட்டுக்கு மேலே வெள்ளைத் துணியும் போட்டுக்கொண்டு, தொதல் இனிப்பு டின்னோடு வாசற்கதவு வரை வந்தார். அங்கேயே நின்றுவிட்டார்.

"கூரையப் போடுங்க."

வாப்பா கூரையைப் போட்டார். பக்கங்களுக்கு இருந்தவை படத்தில் உள்ளதுபோலவே கண்ணாடி மாதிரித் தெளிந்த பிளாஸ்டிக் மறைப்புகள்.

"சீலை எங்க கொழுவுறது?"

அந்தக் காலத்தில் எங்கள் குடும்பத்துப் பெண்கள் வாடகைக் காரில் போனாலும் கண்ணாடிகளுக்குச் சீலை கட்டித்தான் போவார்கள். எனக்கு அது தெரியும். வாப்பாவுக்கும் தெரியும். அவர் முன்பு கம்பியும் வளையங்களும் இருந்த கூரை ஓரத்தில் விரலை வைத்து, தொலைந்துபோன எதையோ தேடுவதுபோல ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவினார்.

"முக்காட்ட இழுத்துப் போட்டுக்கிட்டு இரிக்க ஏலாதா?" என்றார் மெதுவாக.

"இந்தக் காரப் பாக்கச் சந்திக்குச் சந்தி ஆக்கள் நிப்பாங்க. பழைய கார எண்டா ஒருத்தரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க."

பாண்டிருப்பு அண்ணன் சுத்தியலோடு முன்னே வந்தார். "சேர், பக்கத்துக்கு நாலு ஆணி அடிச்சா ஒரு கயிறு கட்டலாம். அஞ்சு நிமிச வேலை."

"ஆணியா? புதுப் படங்குலயா?"

வாப்பா அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் சுத்தியலைக் கையில் வாங்கினார். ஆணி ஒன்றை எடுத்துக் கூரையில் வைத்தார், எடுத்தார், வேறோர் இடத்தில் வைத்தார். இருபது மாதங்கள் அவர் பிடுங்கிய ஆணிகளின் எண்ணிக்கை கொப்பியில் இருக்கிறது. உம்மா கதவடியில் நின்று அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேணாம், விடுங்க" என்றார். "எனக்குத் தலையிடிக்கிது. நீங்க புள்ளயளக் கூட்டிப் போங்க. நான் தங்கச்சி ஊட்டுல இரிக்கன்."

"அப்ப இன்னொரு நாளைக்கு..."

"தாத்தா சோறாக்கிப் பாத்துக்கிட்டு இரிப்பா. போங்க."

தொதல் டின்னை வாசற்படியில் இருந்த என் மடியில் வைத்து, என் தலைமயிரை இறுக்கிப் பின்னிவிட்டார். "பெரியும்மாவ நல்லாப் பாத்துட்டு வா மகள்" என்றார். ஓம் என்றேன். முன் இருக்கை எனக்குக் கிடைத்தது. எனக்கு மூத்தவனான காக்கா பின்னால் தனியாக இருந்து முகத்தை நீட்டிக்கொண்டு வந்தான். நிந்தவூர் தாண்டியதும் வாப்பாவிடம் கெஞ்சிக் கூரையை மடிக்க வைத்தேன். கோமாரிக்குக் கிட்ட கடற்காற்று வாய்க்குள் புகுந்து மூச்சு முட்டியது. நான் கத்திக்கொண்டே போனேன். வாப்பா மட்டும் படத்திலிருந்த வெள்ளைக்காரனைப்போல இல்லை, வழி நெடுக ரோட்டையே பார்த்து ஓட்டிக்கொண்டு வந்தார்.

பொத்துவிலில் பெரியும்மா கேற்றடிக்கு ஓடிவந்து, காருக்குள் ஒவ்வோர் இருக்கையாகப் பார்த்தார்.

"உம்மா எங்க மகள்?"

"தலையிடியாம்" என்று சொல்லிவிட்டு, ஹோர்ன் அடித்துக் காட்டினேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் பார்த்ததெல்லாம் காரைச் சுற்றி நின்ற பொத்துவில் பிள்ளைகளை மட்டும்தான். யார் ஏறலாம், யார் தொடலாம் என்று கட்டளை போடவே நேரம் போதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு திரும்பி வந்தோம். உம்மா என்னைக் குசினிக்குள் கூட்டிப்போய் எதிரில் உட்கார வைத்தார். நான் கடலைப் பற்றியும் காற்றைப் பற்றியும் சொன்னேன், அக்கரைப்பற்றுச் சந்தியில் பஸ்ஸையே நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்ததைச் சொன்னேன். உம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

"பெரியும்மா எப்பிடி இரிக்கா? மெலிஞ்சிட்டாவா?"

யோசித்துப் பார்த்தேன். அவர் உடுத்திருந்த சாரியின் நிறம்கூட நினைவுக்கு வரவில்லை.

"இல்ல உம்மா. முந்தியப் போலத்தான். கொஞ்சம் கொழுத்துத்தான் இரிக்கா."

"உண்மையாவா?"

"ஓம்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்று உம்மா கண்ணை மூடினார். பிறகு எழுந்து, காலையிலிருந்து மூடிக் கிடந்த தன் சோற்றுக் கோப்பையைத் திறந்து சாப்பிடத் தொடங்கினார். நல்ல பதிலைச் சொல்லிவிட்ட சந்தோஷத்தில் நான் தெருவுக்கு ஓடினேன். அங்கே காரைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அந்தக் காரில் உம்மா என்னை ஏற்றி அனுப்பியது எதற்காக என்பது ஒன்பது வயதில் எனக்கு விளங்கவில்லை.